ரெண்டாவது ஒயர்

"ஆம்ப்ளிஃபையரா? எதுக்கும்மா, வேலை நேரத்துல பாட்டு கேக்கவா?"ன்னு முதலாளி கேட்டப்ப எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. இத்தனை வருஷமா எடை மெஷின் ரிப்பேர் கம்பெனி நடத்துற மனுஷன் பேசுற பேச்சா இது? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

விஷயம் இதுதான். ஒரு மாவு மில்லோட பெரிய எடை மெஷின் திடீர் திடீர்னு தப்பு எடை காட்டுது. முதலாளி மூணு தடவை உள்ள இருக்கிற சர்க்யூட் போர்டை மாத்திட்டார். கோளாறு போர்டுல இல்ல, மேடைக்கு அடியில பாரத்தைத் தாங்குற லோடு செல்லுலதான்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அதைக் கழட்டிக் கொண்டுவந்து என் ரிப்பேர் பெஞ்சுல வச்சும் ஆச்சு. ஆனா நிரூபிக்கணுமே. அதுல இருந்து வர்ற சிக்னல் துக்கிணியூண்டு. அதைக் கொண்டுவர்ற ரெண்டு ஒயர்லயும் கரண்டோட இரைச்சல் ஏறி உக்காந்திருக்கு. சிக்னலைத் திரையில கோடாக் காட்டுற ஸ்கோப்ல மாட்டினா இரைச்சல்தான் திரை முழுக்க ஆடுது. மீட்டரோ, கண்ணு சிமிட்டுற நேரத்துல வந்து போற கோளாறைக் கண்டுக்கவே கண்டுக்காது.

"சனிக்கிழமைக்குள்ள காட்டு. இல்லேன்னா பெஞ்சை விட்டுட்டு பில் போடுற கவுண்டருக்குப் போயிடு"ன்னார் முதலாளி. கவுண்டர்ல உக்காந்து சிரிச்ச மூஞ்சியா இருக்க என்னால ஆகுமா? என்னைக் கட்டிக்கிட்டவரைக் கேளுங்க, சொல்வார்.

எனக்கு வேண்டியது டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர். ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி வர்றதை அது தள்ளிடும். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா இருக்கிறதை மட்டும் பெருசாக்கிக் காட்டும். மாமியாரும் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரே பல்லவியைப் பாடினா நான் காதுலயே வாங்க மாட்டேன்ல, அந்த மாதிரி. புதுசு என்ன விலைன்னு கேட்டேன். முதலாளியோட வண்டி விலை சொன்னாங்க. நான் படிச்ச காலேஜ்ல இரவல் கேட்டேன், கையை விரிச்சுட்டாங்க. சரி போன்னு நானே ஒண்ணு செஞ்சேன். அது சிக்னலை விட்டுட்டு தானே தனியா இரைய ஆரம்பிச்சுது.

வியாழக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிட்டு பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போனேன். துணைக்கு என் நாத்தனார். தையல் மெஷினுக்கு பாகம் வாங்கி வாங்கி, அந்தத் தெருவுல அவ பேரம் பேசினா கடைக்காரங்களே கும்பிடு போடுவாங்க.

"அண்ணி, நீங்க வாயைத் திறக்கக் கூடாது. மூஞ்சியையும் காட்டாதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தாலே விலை ஏறிடும்"னா.

ஏழு கடை ஏறி இறங்கினோம். ஒண்ணும் தேறல. எட்டாவது கடையில ஸ்பீக்கர், ரேடியோன்னு அடுக்கி வச்சிருந்ததுக்கு நடுவுல ஒரு சாம்பல் நிறப் பொட்டி. முன்னாடி ஒயர் குத்துறதுக்கு பிளஸ் போட்டு ஒரு ஓட்டை, மைனஸ் போட்டு ஒரு ஓட்டை. நான் தேடினதேதான். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு ஒரு உடைஞ்ச ஃபேனைப் பாத்தேன்.

"அது செத்துப்போன ஆம்ப்ளிஃபையர்மா"ன்னார் கடைக்காரர். "பொய் சொல்லி விக்க மாட்டேன். இடது, வலதுன்னு நினைச்சு ஒரே பாட்டை ரெண்டு ஓட்டையிலயும் குடுத்துப் பாத்தேன். மூச்சே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ரெண்டுலயும் ஒரே பாட்டைக் குடுத்தா அது எப்படிப் பேசும்? பேசாம இருக்கிறதுதானே அதோட வேலை. ஆனா நெஜமாவே செத்துப்போயிருந்தாலும் பேசாதே! இப்ப இது உசுரோட சும்மா இருக்கா, இல்ல செத்துத்தான் போச்சா? ஒரு ஓட்டையில மட்டும் பாட்டைக் குடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். குடுத்தா அவருக்கும் தெரிஞ்சிடும்.

வாயைத் திறக்காதேன்னு சொன்னவ பக்கத்துல நிக்கிறா. திறந்தேன்.

"அண்ணே, முதல் ஒயரைக் குத்தினப்பவே சத்தம் இல்லையா?"

அவர் யோசிச்சார். "முதல் ஒயருக்குக் கொஞ்சம் பாடுச்சும்மா, கணீர்னு. ரெண்டாவதைக் குத்தினேன் பாருங்க, பொட்டுனு போயிடுச்சு."

என் வயித்துல பாலை வார்த்தார் அந்த மகராசன். நாத்தனார் என் காலை மிதிச்சா. அப்புறம் பேச்செல்லாம் அவதான். தூசி, துரு, செத்த சாமான், தூக்கிட்டுப் போற கூலின்னு அடிச்சு அடிச்சு, ஒரு பிரஷர் குக்கர் விலைக்குக் கொண்டுவந்து நிறுத்தினா.

காசைக் குடுத்ததும் மனசு கேக்கல. "அண்ணே, இது சாகல. ரெண்டும் ஒண்ணா இருந்தா வாயை மூடிக்கிறதுதான் இதோட வேலை"ன்னேன். நாத்தனார் தலையில அடிச்சுக்கிட்டா. கடைக்காரர் பொட்டியை ஒரு பார்வை பாத்தார், என்னை ஒரு பார்வை பாத்தார். "இவ்வளவு நாளா நான்தான் அதை அநியாயமாத் திட்டிக்கிட்டு இருந்தேனா? சொன்ன விலை சொன்னதுதான், எடுத்துட்டுப் போங்க"ன்னு சிரிச்சார்.

மறுநாள் காலையில பெஞ்சுல மாட்டினேன். ஸ்கோப்ல ஆடிக்கிட்டிருந்த இரைச்சல் காணாமப் போச்சு. நேர்கோடு. முதலாளி கையைக் கட்டிக்கிட்டு பின்னாடி நின்னார். இருபது கிலோ எடைக்கல்லை லோடு செல்லு மேல வச்சேன். கோடு ஒரு படி ஏறி அப்படியே நின்னுச்சு. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். நாலாவது நிமிஷம், கல்லை யாரும் தொடாமலே, நடுவுல போர்டே இல்லாம, கோடு சரக்குனு கீழ விழுந்து மேல ஏறுச்சு.

"இன்னொரு தடவை விழட்டும், பாப்போம்"னார். விழுந்துச்சு. அதுக்கப்புறமும் விழுந்துச்சு.

"மூணு போர்டு மாத்திட்டேனேம்மா"ன்னார், மெதுவா. நான் ஒண்ணும் சொல்லல. சொல்லாம இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

ஃபோனை எடுத்து மில்லுக்கு அவரே போட்டார். "கோளாறு போர்டுல இல்லைங்க, லோடு செல்லுல. நாங்கதான் தப்பாப் பாத்துட்டோம்"னார். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு அங்கிருந்து கேட்டாங்க போல. "இருங்க, கண்டுபிடிச்சவங்க கிட்டயே குடுக்குறேன்"னு ஃபோனை என் கையில திணிச்சுட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஸ்கோப் முன்னாடி உக்காந்துக்கிட்டார்.

"யாருங்க பேசுறது?"ன்னாங்க அந்தப் பக்கம்.

"பெஞ்சுல இருந்து பேசுறேன்"னேன்.