அழித்து எழுதிய பதினொரு எண்கள்

கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அறிவியல் ஆசிரியை அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஒன்பதாம் வகுப்பில் ஆறு மாதமாக நடந்த வேலை அது. ஆய்வகத்தின் பின்சுவரில் நிழலில் தொங்கிய வெப்பமானியைத் தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பார்த்துக் குறித்துக்கொள்வது. அதைச் சிவப்புக் கோடாக வரைந்து, வானிலை நிலையம் தந்த முப்பது வருடச் சராசரியை நீலக் கோடாகப் பக்கத்தில் போடுவது. சிவப்பு, நீலத்துக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. நான்காவது மாதம் பதினொரு நாள் வானம் மூடிக் கிடந்ததில் தொப்பென்று கீழே விழுந்துவிட்டது.

பார்க்க வருகிறவர்கள் முதலில் அந்தப் பள்ளத்தைத்தான் கேட்பார்கள் என்று ஆசிரியைக்குப் பட்டது. பூமி சூடாவது உண்மைதானே, பதினொரு நாளுக்காக அதை யாரும் சந்தேகப்பட வேண்டாமே என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, அந்தப் பதினொரு எண்களிலும் தோன்றியபடி இரண்டோ மூன்றோ டிகிரி கூட்டி வரைந்தார். முதல் பரிசு கிடைத்தது. கேடயத்தைத் தலைமையாசிரியர் தன் மேசைமேலேயே வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் காலை ஒரு பெண்மணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். தோளில் தையல் டேப், கையில் ஒரு நோட்டு. வெப்பமானி பார்க்கும் பொறுப்பில் இருந்த மாணவியின் அம்மா. ஒரு நாளும் விடாமல் அளவெடுத்ததால் அந்த மாணவிக்கு வகுப்பில் 'டிகிரி' என்றே பெயர். படிப்பு முடியும் முன்பே டிகிரி வாங்கிவிட்டாள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

"மிஸ், கண்ணு சரியா தெரியலைன்னு மூணு நாளா அழுறா. கடைக்கு லீவு போட்டுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணுல ஒரு குறையும் இல்லங்கிறார். கேட்டா இந்த நோட்டைக் காட்டுறா. எனக்கு ஒண்ணும் புரியல."

ஆசிரியை நோட்டைத் திறந்தார். பதினொரு எண்கள் ரப்பரால் அழிக்கப்பட்டு, கண்காட்சியில் இருந்தபடியே மாற்றி எழுதப்பட்டிருந்தன. ஓரத்தில் சின்னதாக: 'நான் தப்பாகப் பார்த்துவிட்டேன்.'

ஆசிரியை நோட்டை மூடித் தன்னிடமே வைத்துக்கொண்டார். "நான் அவகிட்ட பேசுறேன்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த பாடவேளையில் நோட்டை டிகிரியிடம் கொடுத்துவிட்டு, வகுப்பின் முன் நின்று சொன்னார்.

"அந்தப் பதினொரு நாள் அளவை மாத்தினது நான். டிகிரி பார்த்ததுதான் சரி."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். கிண்டலாகக் கேட்கவில்லை, அதுதான் குத்தியது.

"அப்போ உலகம் சூடாகுதுன்னு சொன்னதும் நீங்க மாத்தினதா மிஸ்?"

"இல்லப்பா. அது உலகம் பூரா ஆயிரக்கணக்கான இடத்துல பல வருஷமா அளந்து பார்த்தது. நாம பார்த்தது ஒரே சுவர், ஆறே மாசம். நடுவுல பதினொரு நாள் குளிர்ந்தா, அதனால அது பொய்யாகிடாது. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கணும். சொல்லாம எண்ணை மாத்திட்டேன்."

அவன் உட்கார்ந்தான். நம்பினானா என்று முகத்தில் தெரியவில்லை.

டிகிரி நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்போ என் கண்ணு நல்லாதான் இருக்கா மிஸ்?"

"நல்லா இருக்கும்மா."

அவள் சிரிக்கவில்லை. ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மெலிந்த தாளில் பழைய எண்களை ஞாபகத்திலிருந்து எழுதப் பார்த்தாள். மூன்றுக்கு மேல் அவளுக்கு நினைவு வரவில்லை.

தலைமையாசிரியரிடம் போய், கேடயத்தைக் கண்காட்சி நடத்தியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் ஆசிரியை. "பள்ளிக்கூடத்து மானத்தை வாங்கிட்டீங்களேம்மா" என்று அவர் கத்தினார். ஆனாலும் அதற்காக ஆசிரியை எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் ஆசிரியை தையல் கடைக்குப் போனார். அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மாள் தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டார்.

"அவகிட்ட சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன்மா. உங்ககிட்ட காலையிலேயே சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார் அம்மா. துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த ஓரத்தைத் தைக்க ஆரம்பித்தார். ஆசிரியை இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.