அரைவிலையாரின் காது மிஷின்

அரைவிலையார் என்றால் ஊரில் தெரியாத ஆள் கிடையாது. பழைய சாமான் கடை வைத்திருந்தார். வீட்டைக் காலி செய்கிறவர்கள், கடனில் முங்கினவர்கள், ஆள் போய்ச் சேர்ந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்து மேசையைத் தட்டுவார், நாற்காலியைக் கவிழ்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். என்ன விலை சொன்னாலும் "பாதி" என்பார். எதிரில் நிற்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாலும் பாதிதான். எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனுஷன். பேரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது, அதில் அவருக்குப் பெருமை வேறு.

அப்படிப்பட்டவருக்குக் காது போயிற்று. அவர் தொழிலே காதில்தான் இருந்தது. விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினால் மரம் தேக்கா, வெறும் ஒட்டுப்பலகையா, உள்ளே கரையான் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். காது மந்தமான பிறகு ஒருநாள், உள்ளே முழுக்க அரித்துப் போன ஒரு கட்டிலை நல்ல மரம் என்று வாங்கி வந்து போட்டார். வாங்கிப் போனவன் முதல் நாளே கட்டிலோடு கீழே விழுந்து, கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனான். மறுநாளே மகன் கடைச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டான். அன்றிலிருந்து அரைவிலையாருக்கு ஒரே ஏக்கம். காது வந்தால் சாவி வரும், சாவி வந்தால் உயிர் வரும்.

இப்போது காது மிஷின் கடையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மகன், இன்னொரு பக்கம் மகள். மகள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அவள் கண்ணில் ஒரு புள்ளி தப்பாது. பேச்சு மட்டும் மெது. அந்த மெதுப் பேச்சை அப்பா கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

கடைப்பெண் தட்டில் மூன்று மிஷின்களை வைத்தாள். முதலிரண்டையும் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தாள். "இதாங்க ஐயா இருக்கறதுலயே உசத்தி. போட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம்." விலையைத் தாளில் எழுதிக் காட்டினாள்.

"அடேங்கப்பா! ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிடலாமே" என்றான் மகன்.

மிஷின் காதில் ஏறியது. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள், அது கேட்டது. அரைவிலையார் யாருக்கும் தெரியாமல் விரலை மடக்கி எதிரே இருந்த மேசையில் இரண்டு தட்டு தட்டினார். டொக், டொக். மரமே இல்லை, மரத்தூளை அமுக்கி மேலே பளபளவென்று தாள் ஒட்டியிருக்கிறான், திருட்டுப் பயல்! செத்துப் போன தொழில் திரும்பி வந்துவிட்டது.

எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் "கேக்குது, கேக்குது!" என்று குதித்திருப்பான். இவர் வியாபாரி ஆயிற்றே! பொருள் பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தால் விலை இறங்காது என்பது அவருடைய வேதம். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணும் வித்தியாசம் தெரியலம்மா. ஒரே இரைச்சல். பாதி விலைன்னா யோசிக்கலாம்."

கடைப்பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. "முதலாளியக் கேட்டுட்டு வரேன். கழட்டாதீங்க, காது கொஞ்சம் பழகட்டும்" என்று உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் மகன் வாயைத் திறந்தான். "பார்த்தியா? செவிடன் காதுல சங்கு ஊதின கதை. இதுக்குப் போய் இவ்வளவு காசக் கொட்டணுமா? காடு வா வாங்குது, வீடு போ போங்குது. இன்னும் எத்தனை நாளைக்குக் கேக்கப் போறாரு?"

அரைவிலையாருக்குச் சுருக்கென்றது. எழுந்து ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. விட்டால் காது கேட்பது தெரிந்துவிடும், தெரிந்தால் விலை இறங்காது. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"இவருக்குக் காது போனப்புறம்தான் கடைக்குள்ள நாலு பேரு தைரியமா நுழையறாங்க. வீட்டுலயும் நிம்மதி. இவருக்குக் காது வந்தா எனக்குத் தலைவலி வரும்" என்றான் மகன்.

அப்பா மேசையைத் தட்டியதை மகள் பார்த்திருந்தாள். தட்டிய பிறகு அந்த முகம் மலர்ந்ததையும், மலர்ந்ததை அவர் அவசரமாகத் துடைத்ததையும் பார்த்திருந்தாள். கேட்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தே, ரகசியம் பேசுகிற குரலில் அண்ணனுக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"இதே வார்த்தைய நான் முன்னாடியே கேட்டிருக்கேண்ணா. பல் டாக்டர் வீட்டுல."

"எந்தப் பல் டாக்டர்?"

"அம்மாவுக்குப் பல்செட் கட்டப் போனோமே. டாக்டர் ரெண்டு செட்டு காட்டினாரு. நல்லதுக்கு விலை ஜாஸ்தின்னாரு. அப்பா உதட்டப் பிதுக்கிட்டு, 'மட்டமானதே போதும் டாக்டர், இன்னும் எத்தனை நாளைக்கு மெல்லப் போறா'ன்னு சொன்னாரு. அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தா. அம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும்."

அந்த மட்டமான செட் அம்மாவின் ஈறைக் கிழித்தது. சமையலறை அலமாரியில் ஒரு டம்ளர் தண்ணீரில்தான் அது கிடக்கும். கண்ணில் படும்போதெல்லாம் அரைவிலையார் கத்துவார். "காசு போட்டு வாங்கின பொருள் சும்மா கெடக்கக் கூடாது. எடுத்து மாட்டு!" அவள் மாட்டிக்கொள்வாள், வாயில் ரத்தம் கசியும். சீக்கிரமே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டார் மனுஷன். அவளோ வருஷக்கணக்கில் இருந்தாள், எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டு.

கடைப்பெண் திரும்பி வந்தாள். "பாதியெல்லாம் முடியாதாம் ஐயா. கொஞ்சம் பார்த்துச் செய்யலாம்னு…"

"குறைக்க வேண்டாங்க" என்றாள் மகள். "முழு விலைக்கே எடுத்துக்கறேன். என் காசு."

மகன் வாயைப் பிளந்தான். அரைவிலையாருக்கு நெஞ்சு குழைந்துபோயிற்று. பல்செட் கதையை அண்ணன்காரன் மூக்கை உடைக்கத்தான் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். பெற்றால் பெண்ணைப் பெற வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள்! "பாப்பா" என்று அவள் கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியைக் கேட்டார். "ஆகட்டும்பா, பார்க்கலாம்" என்றான் மகன். அடுத்த அறைக்குப் போய் மனைவியிடம், "சாவிய இவர்கிட்ட குடுத்தா கடை அன்னைக்கே போச்சு. சாகற வரைக்கும் இப்படியே போக்குக் காட்ட வேண்டியதுதான்" என்றான். நல்ல மிஷின், ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தது.

அன்று சாயங்காலம் மகள் அச்சகத்திலிருந்து நேராக வந்தாள். அப்பா பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மாவப் பத்திப் பேசலாம்பா" என்றாள்.

ஆப்பிள் துண்டை வாயில் போட்டு, சாற்றை மட்டும் சப்பிவிட்டு, சக்கையைத் துணியில் மடித்து அம்மா ஒளித்து வைத்ததைச் சொன்னாள். கல்யாண வீட்டுப் பந்தியில் வாயைப் பொத்திக்கொண்டே எழுந்து போனதைச் சொன்னாள். "பல் வலிக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லிடாதடி, செலவுன்னு கத்துவாரு" என்று கெஞ்சியதை, அம்மா குரலிலேயே சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை. அச்சுப் பிழை படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

அரைவிலையாரின் கை காதுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையை மெதுவாகப் பிடித்து மடியில் வைத்தாள்.

"காசு போட்டு வாங்கின பொருள் சும்மா கெடக்கக் கூடாதுப்பா."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடிப்பாவி, இதற்காகவா முழு விலை கொடுத்தாய்!

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும். தினமும் அப்பாகூட உக்காந்து பேசாம போக மாட்டேங்கறா." அரைவிலையார் யாரிடம் போய் என்னவென்று புகார் சொல்வார்? ஒருநாள், "தப்புதான் பாப்பா, விட்டுடு" என்று வாய்விட்டே கேட்டார். "அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மாதம் முடிவதற்குள் கடைப்பெண் வரச் சொல்லியிருந்தாள். அதைத்தான் மலை போல நம்பியிருந்தார். போனதும் போகாததுமாக மிஷினைக் கழற்றப் பார்த்தார். "கேக்கவே இல்லம்மா. சுத்த வேஸ்ட். திருப்பி எடுத்துக்க."

கடைப்பெண் குழம்பிப் போய் மகளைப் பார்த்தாள். மகள் தோளைக் குலுக்கினாள். "கழட்டாதீங்க, ஒரு நிமிஷம்" என்று கடைப்பெண் அவருக்குப் பின்னால் போய் ஒரு ஃபைலை எடுப்பது போல நின்றாள். வாய்க்குள்ளேயே முனகினாள். "ஐயா, உங்க பர்ஸ் கீழ விழுந்திருக்கு."

அரைவிலையார் சடக்கென்று குனிந்து தரையைத் தடவினார்.

குனிந்த பிறகுதான் புரிந்தது. நிமிர முடியாமல் அப்படியே இருந்தார். மகள் சிரித்தாள். அம்மா பல்லோடு இருந்த காலத்தில் சிரித்த அதே சிரிப்பு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அதைக் கேட்டார் மனுஷன்.

"பிரமாதமாக் கேக்குதே ஐயா!" கடைப்பெண்ணுக்கு வாயெல்லாம் பல். மகள் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கக்கா, குடுத்த காசுக்குப் பிரயோஜனம்தானே?"

"முழுக் காசுக்கும்" என்றாள் மகள். அப்பாவின் தோளைத் தாங்கிப் பிடித்து எழுப்பினாள். காதருகே குனியக்கூட இல்லை, நின்ற இடத்திலிருந்தே மெதுவாகச் சொன்னாள்.

"வாங்கப்பா, போகலாம். அம்மாவோட கடைசி வருஷம் இன்னும் பாக்கியிருக்கு."