முழங்கை வைக்கும் இடம்

அந்தப் பழைய பிக்கப் வண்டியின் உள்பக்கத் தகரத்துக்கு அடித்த சந்தன நிறப் பெயின்ட், மூன்று தெரு தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவரின் முழங்கை பட்டுத் தேய்ந்துபோனது. ஒரு முறை என்றால் பரவாயில்லை, ஒன்பது முறை. அடித்த பெயின்டர் அவருடைய மனைவியின் தம்பி. முப்பது வருடத்தில் ஒரு வண்டிகூட அவர் பட்டறைக்குக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இந்த வண்டிக்குத் திரும்பி வரவேண்டிய அவசியமே ஏற்படவில்லை, ஏனென்றால் அந்த ஒன்பது முறையும் அது பட்டறையை விட்டுப் போகவே இல்லை.

பெயின்டருக்கு மாமாவான அவர் அதை இருபத்தாறு வருடம் ஓட்டினார், ஒரு கை ஸ்டீயரிங்கில், மறு முழங்கை கதவின் மேல்விளிம்பில். கண் டாக்டர் இனி ஓட்டக் கூடாது என்று சொன்ன அன்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, ஜன்னலோரம் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை வழக்கம்போல வைத்தார். கீழே ஒன்றும் இல்லை. முழங்கை காற்றின் மேல் நின்றது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அப்போது தலைக்கு மேல் வேலை. ஐம்பத்தொரு வயதில் வண்டி ஓட்டக் கற்று, ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவைக்கூடத்துக்கு ஏற்றிப்போய் இறக்கும் வேலையைப் பிடித்திருந்தாள். அவள் தெருமுனையில் கியர் மாற்றும் சத்தம் கேட்டு மாமா வீட்டுக்குள் பல்லைக் கடிப்பார்.

சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் ஒருநாள் கதவு விளிம்பில் விரலை ஓட்டினார். பழைய பச்சைப் பெயின்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது. வெளுத்த ஆபரேஷன் துணி மூட்டைகள் பக்கத்துச் சீட்டில்தான் வரும். இது அதில் விழுந்தால் யார் பதில் சொல்வது, பதினைந்து நாளில் உள்ளே ஒரு பொட்டும் உதிராமல் காட்டுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் அக்கா வீட்டில் வேறு வருமானம் கிடையாது. தம்பி சீட்டைக் கழற்றினார், கதவு அட்டையையும் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியையும் கழற்றினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பட்டி வைத்தார், பிரைமர் அடித்தார், கண்ணாடிக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, டாஷ்போர்டுத் தகரத்திலிருந்து கதவுச் சட்டம் வரை ஒரே சீராகச் சந்தன நிறம் அடித்தார். தனக்கே திருப்தியாக இருந்தது. அதுதான் அந்த மாதத்தில் அவருக்குக் கிடைத்த கடைசித் திருப்தி.

மறுநாள் கதவு விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தகரம் பளபளத்தது. பூனை என்று நினைத்தார். பிறகு பக்கத்துக் கடைத் தையல்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரோடு பேச்சை நிறுத்தினார். பிறகு பிரைமரைத் திட்டினார், கடையை மாற்றினார், பட்டறைக்கு இரட்டைப் பூட்டுப் போட்டார். அடிக்க அடிக்கத் தேய்ந்தது: ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது முறை அடித்து, காய்ந்த பின் காலையில் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். பத்து மணிக்கு, மாமா வழக்கமாக வண்டி எடுக்கும் நேரத்தில், கண்ணெதிரே பெயின்ட் சோப்புக்கட்டி கரைவதுபோல் மெலிந்தது. தூள்கூட விழவில்லை.

புகார் சொல்ல அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணியில் தின்னரை நனைத்து மாமாவின் முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கை சந்தன நிறத்தில் இருந்தது.

"ஒரு வாரமா இதான்டா என் பொழப்பு. நாலு சட்டை போச்சு. நீ அங்க அடிக்கிற, நான் இங்க துடைக்கிறேன்."

"மாமா, அந்தக் கையைக் கொஞ்சம் மடியில வைங்களேன்."

"நான் எங்க மாப்ளே வெச்சேன்? அது இருக்கிற இடத்துல இருக்கு."

கையைத் துண்டால் இடுப்போடு கட்டினார்கள். ஒன்பதாவது கோட் பெயின்ட் ஒன்றரை நாள் நின்றது. ஆனால் மாமா நிற்கவில்லை. இருபத்தாறு வருடம் அந்த விளிம்பில் சாய்ந்த உடம்பு, முட்டு இல்லாமல் மூட்டை மாதிரிச் சரிந்தது. இரண்டு முறை நாற்காலியோடு விழுந்தார். இரண்டாவது முறை புருவம் கிழிந்தது. அக்கா துண்டை அவிழ்த்தாள். வேலை போனால் போகட்டும் என்று தம்பியிடம் சொன்னாள். சொல்லும்போது தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. தம்பி மாமாவைக் கைப்பிடித்துப் பட்டறைக்குக் கூட்டிவந்து ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தார். மாமாவின் முழங்கை தன் இடத்துக்குத் தானாகப் போனது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டார். அவரை இறக்கிவிட்டு, கோட்டுக்குள் கண்ணாடிக்கு ஒட்டுவதுபோலவே டேப் ஒட்டி, மிச்சத்தை அடித்தார். பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைப்பதுதானே இத்தனை வருடம் பார்த்த வேலை, இதற்கு ஒன்பது கோட் வீணாக்க வேண்டுமா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். டேப்பை உரித்தபோது முட்டை வடிவில் வெறும் தகரம், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது.

மேற்பார்வையாளர் விரலை ஓட்டினார். ஒன்றும் உதிரவில்லை. இது என்ன என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர் கை வைக்கிற இடம் சார்," என்றாள் அக்கா.

அவர் கையிலிருந்த சோதனைத் தாளைப் பார்த்தார். கண்ணாடி, பூட்டு, சீட் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, இதற்கு இல்லை. கீழே ஒரு கோடு போட்டு, 'கை வைக்கும் இடம், நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அதற்குப் பிறகு வண்டி ஆறு வருடம் ஓடியது. அந்தத் தகரம் துரு பிடிக்கவே இல்லை. ஒருநாள் மதியம் தம்பி அக்கா வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மாமா ஜன்னலைப் பார்த்து, யாரிடமோ சொல்வதுபோல், "கொஞ்சம் தள்ளு," என்றார். தம்பி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போது, வெயில் தாங்காமல் இன்றைக்கு மதியம் சிக்னலில் கதவு மேல் கை வைத்ததாகவும், உடனே ஒரு முழங்கை வந்து இடித்ததாகவும் சொன்னாள்.

"இவ்வளவு பெரிய கதவுல எனக்கு இடம் இல்ல பாரு," என்றாள். நாளையிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள்.