படகுக்குப் போட்ட பாட்டு

கைலாசநாதனின் புதுப் படகு கடலில் இறங்கும்போது ஒலிபெருக்கியில் போடுவதற்குப் பாட்டு செய்து கொடுத்திருந்தான் டைட்டஸ். கிளிஞ்சல்மேட்டுக் கரையில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அந்தப் பாட்டில் ஒரு வாத்தியக்காரர்கூட இல்லை. யாரோ எங்கோ வாசித்துப் பதிந்துவைத்த ஒலிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தலத்தெரு வீட்டு அறையில் உட்கார்ந்து, கீபோர்டில் கட்டை கட்டையாக அமுக்கிச் சேர்த்தது.

"மிசின் சத்தமா இருந்துச்சுன்னா ஊரே சிரிக்கும் தம்பி. நெச வாத்தியம் மாதிரி கேக்கணும்" என்று கைலாசநாதன் சொல்லியிருந்தார். அந்தப் பயத்தில்தான் தொடக்கத்திலேயே கம்பீரமாக ஒரு சங்கை ஊதவிட்டு, நடுநடுவே சேகண்டியைத் தட்டவிட்டிருந்தான். ஊதுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும்படி இழைத்திருந்தான்.

பாட்டைப் போட்டார்கள். சங்கு நீளமாக ஊதியது. பின்னாலேயே சேகண்டி ஒலித்தது.

படகுக்கு மாலை சாத்திக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. கைலாசநாதன் முகத்தில் ரத்தமே இல்லை. டைட்டஸின் தெருவில் சாவு விழுந்தால் மாதா கோயில் மணிதான் அடிக்கும். இங்கே எது ஒலிக்கும் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

தெருவிலிருந்து ஒருத்தி, பாத்திரம் தேய்த்த கையோடு, கடலைப் பார்த்தபடி ஓடிவந்தாள்.

"எந்த போட்டுல போன ஆளுங்க? யாராச்சும் சொல்லுங்களேன்."

மிசின் சத்தம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.