மீனைத் திரும்ப விடுகிற ஊர்

கொன்ஸ்ரன்ரைன் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவான். பிரான்சில், தொர்தோன் ஆற்றங்கரைக் கிராமமொன்றில் வாத்துப் பண்ணை நடத்துகிறானாம். போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் கழுவிய தண்ணீர் சப்பாத்தில் பட்டதும், மனைவியின் அக்கா அகஸ்ரீனாவிடம் முகத்தைச் சுளித்தான்.

"இதுக்குள்ள எப்பிடியக்கா இருக்கிறியள்? எங்கட ஊரில ஒரு சத்தம் இல்லை. ஆறு, அன்னம், கல்லு வீடு. படம் மாதிரி."

"படத்துக்குள்ள ஆர் சமைக்கிறது?" என்று கேட்டாள் அகஸ்ரீனா.

தங்கச்சி கிளறா இந்தமுறையும் அவனோடு வரவில்லை. டெலிபோனிலும் அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. தொண்ணூற்றெட்டில், இத்தாலிய வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவோடு பிரான்சுக்கும் போய்வரலாம் என்றானதும், அகஸ்ரீனா தான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவிடம் உயிர்த்த ஞாயிறுக்கு லீவு கேட்டு ரயிலேறினாள்.

ஊர் படம் மாதிரித்தான் இருந்தது. படத்தைப் போலவே அசையவுமில்லை. பாண்கடை மத்தியானத்தோடு மூடிவிடும். பங்குச் சுவாமிக்குப் பல ஊர்கள். பெருநாள் பூசை அடுத்த ஊரிலேயே முடிந்துவிட்டது. ஜன்னல் திரைகளுக்குப் பின்னால் மட்டும் கண்கள் இருந்தன. பொப்ளர் மரங்களின் கீழே, பெரிய பெரிய தூண்டில்களோடு ஆண்கள் நாள் முழுக்கக் குந்தியிருந்தார்கள். ஒருவன் தொடையளவு மீனொன்றை இழுத்தெடுத்து, கொஞ்சிப் படமெடுத்து, மெதுவாக மறுபடி ஆற்றில் விட்டான்.

மன்னார்க் கடற்கரையில் பிறந்தவளுக்கு வயிறு எரிந்தது. "விசரங்கள்! பசியில்லாட்டி வீட்டை கிடக்கிறதுக்கென்ன?"

"அக்கா, மெல்லக் கதையுங்கோ," என்று கிசுகிசுத்தாள் கிளறா. வீட்டுக்குள்ளும் அவள் அப்படித்தான் பேசினாள். கருவாடு பொரித்த அன்று பக்கத்து வீட்டு மனிசி மேயரிடம் போய் முறையிட்டாளாம். அதன்பிறகு பொரியலும் இல்லை, பேச்சும் இல்லை.

பண்ணையையும் அகஸ்ரீனா பார்த்தாள். முதலாளி ஒரு வெள்ளைக்காரன். கொன்ஸ்ரன்ரைன் கூட்டுக்குள் கையை விட்டு வாத்துகளைப் பிடித்துக் கொடுத்தான். கிளறா ஒவ்வொன்றின் தொண்டைக்குள்ளும் குழாயை இறக்கிச் சோளத்தைத் திணித்தாள். ஈரல் வீங்க வேண்டுமாம். வீங்கிய ஈரலுக்குத்தான் விலையாம்.

"இதுதானோ நீர் நடத்துற பண்ணை?"

கொன்ஸ்ரன்ரைன் வாத்தைப் பார்த்தான்.

அன்றே கிளறாவின் உடுப்புகளை அகஸ்ரீனா பையில் அடுக்கினாள். அவன் வாசலை மறித்தான். "விட்டிட்டுப் போனா சனம் என்ன சொல்லும்?"

"சனமோ? இஞ்சை எங்கை ஐயா சனம் கிடக்கு? காட்டும் பாப்பம்!"

அவன் ஆற்றைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான். ஒருவருமில்லை. விலகி நின்றான்.

பலெர்மோவில், பொலிதேயாமாப் பக்கம் ஒரு டாக்டர் வீட்டில் கிளறாவுக்கு வேலை கிடைத்தது. முதலில் அவளுடைய கிசுகிசுப்புக் கேளாமல் கடைக்காரர்கள் "என்ன? என்ன?" என்று காதைக் கொடுத்தார்கள். கோடை முடியுமுன் அவள் தக்காளி விலைக்காகத் தொண்டை கிழியச் சண்டை பிடித்தாள்.

நத்தாருக்கு முன் கொன்ஸ்ரன்ரைனும் சூட்கேசோடு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் வந்திறங்கினான். தனியே சமைத்துத் தின்று முகம் ஒட்டிப்போயிருந்தது. இப்போது அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டுக் கழுவுகிறான். கோவில் வாசலில் ஆளைப் பிடித்து ஆற்றின் அழகைச் சொல்வதை மட்டும் விடவில்லை.

"வாத்தைப் பற்றியும் சொல்லும்!" என்று ஒருநாள் அகஸ்ரீனா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தான்.

வீட்டுக்குப் போகிற வழியில் கிளறா சொன்னாள்: "ஆனா அக்கா, விடிய வெள்ளனப் பனிப்புகார் எழும்பேக்க, அந்த ஆறு வடிவுதான்."

அகஸ்ரீனா திருப்பிச் சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பனிப்புகாரை அவளும் ஒரு விடியலில் பார்த்திருந்தாள். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.