தல்மா மலையில் இறங்கியது

தல்மா தீவுக்குப் படகில் போகலாம் என்றுதான் ஜெகின் சொல்லியிருந்தான். ஜெபல் தன்னா துறைக்கு வந்து பார்த்தால், கார்களையும் லாரிகளையும் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டு நிற்கும் பெரிய இரும்புக் கப்பல். அப்படியிருந்தும் ஏறு பலகையில் கால் வைத்ததும் சுபிஷா நின்றுவிட்டாள்.

“நட பிள்ளே, பொறத்த ஆளு நிக்குது.”

“ஒரு நிமிசம்.”

“கடப்பொறத்துக்காரிக்கு கடலுன்னா பேடியா? ஊருல கேட்டா சிரிப்பாவ.” சிரித்துக்கொண்டே ஃபோனை உயர்த்தி அவள் முகத்தைப் படம் பிடித்தான்.

அவள் கடலோரத்துக் குறும்பனைக்காரி. பெரிய புயல் அடித்த வருஷம், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போன அவளுடைய மாமன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தப் படகிலும் ஏறியதில்லை. ஜெகின் கருங்கல் ஊரில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். திருவிழாவுக்கு மட்டும் கடலைப் பார்த்தவன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இந்தப் பயத்தை வைத்து அவளை எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறான்.

அவனுக்கு வளைகுடா நாட்டில், ருவைஸில் வேலை. எண்ணெய் ஆலையில் உயரத்தில் பெயின்ட் அடிப்பவர்களும் வெல்டர்களும் ஏறி நிற்க, இரும்புக் குழாய்களால் சாரம் கட்டிக் கொடுக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் போர்மேன். அவள் சென்ற வருஷம் புஜைராவில் ஒரு கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தாள். ஒரே நாடு என்றுதான் பெயர். ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமென்றால் பகல் முழுக்க பஸ் மாற வேண்டும். இந்த முறை அவளுக்கு நான்கு நாள் லீவு கிடைத்தது. ஜெகினின் நண்பன் ஒருவன், குடும்பம் ஊருக்குப் போயிருந்ததால், ருவைஸில் உள்ள தன் ஃப்ளாட்டின் சாவியைக் கொடுத்திருந்தான்.

கப்பல் கரையை விட்டு நகர்ந்ததும் சுபிஷா சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஜெகின் வந்து கையை நீட்டினான். இந்த முறை ஃபோன் பாக்கெட்டில் இருந்தது.

“வா. நான் பிடிச்சிருக்கேன்.”

மேல்தட்டில் கம்பியருகே அவளை நிறுத்தி, பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான். ஜனவரிக் காற்று குளிர்ந்தது. தண்ணீர் ஊரிலுள்ளதைப் போலக் கறுப்பாக இல்லை, வெளிர்பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது. அவள் முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு திறந்தாள்.

“பாத்தியா, ஒண்ணும் இல்ல” என்றான் காதருகில்.

பயம் போய்விடவில்லை. ஆனால் அவன் பிடித்திருந்த பிடி அவளுக்குப் பிடித்திருந்தது. இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

தல்மாவில் இறங்கியதும் துறைக்கு எதிரே இருந்த மளிகைக்கடையின் பிக்கப் வண்டியைப் பேசிக்கொண்டார்கள். ஓட்டியவர் கௌஸ் முகம்மது என்ற காயல்பட்டினத்துக்காரர். தமிழ் கேட்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இறக்கிவிட்டு, “ரொம்ப மேல போவாதீங்க. கல்லு உதிரும். அஸர் தொழுகைக்குப் பொறவு வந்து கூட்டிக்கிடுதேன்” என்று சொல்லிப் போனார்.

மலை என்று சொல்லக்கூடிய உயரமில்லை. ஆனால் அப்படிப்பட்ட நிறத்தை அவள் எங்கும் கண்டதில்லை. கரிந்த கறுப்பு, துருச் சிவப்பு, கத்திரிக்காய் ஊதா, இடையிடையே மஞ்சள். சில கற்கள் வெயிலில் கண்ணாடித் தூள் பூசியதுபோல மின்னின. ஒரு புல்கூட இல்லை.

“எல்லாம் எரிமலைக் கல்லாக்கும்” என்றான் ஜெகின். ஃபோனில் படித்து வைத்திருந்தான். “அடியில கெடந்த உப்பு தள்ளித் தள்ளி மேல கொண்டு வந்திருக்கு.”

அவன்தான் முன்னால் ஏறினான். நன்றாகவே ஏறினான். பாதி வழியில் நின்று அவளுக்குக் கை கொடுத்தான், கறுப்புக் கல் ஒன்றைப் பொறுக்கி அவள் பையில் போட்டான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு முகடு வந்தது. இரண்டு பக்கமும் சரிவு. ஒரு பக்கம் கடல்வரை ஒரே இறக்கம். அங்கே நின்று அவளைப் படம் எடுக்கலாம் என்று அவன் திரும்பினான். காலடியில் கல் வழுக்கியது. விழவில்லை. இரண்டு மூன்று கற்கள் மட்டும் உருண்டு, சத்தமில்லாமல் கீழே போய்க்கொண்டே இருந்தன.

அவன் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் பக்கத்துப் பாறையைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன, கால் சுளுக்கிடிச்சா?”

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. நெஞ்சுவலியோ என்று அவள் பதறி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது, தறிகெட்டு.

“நெஞ்சு வலிக்குதா? சொல்லுங்க.”

“இல்ல.” கண்ணைத் திறக்காமல் சொன்னான். “எனக்கு எறங்க முடியாது.”

“ஏறினீங்க இல்லியா?”

“ஏறும்ப கீழ பாக்கல்ல. சுபி, நீ போய் ஆளக் கூட்டிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்.”

கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. அவள் பையை முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவனுக்குக் கீழே போய், சரிவைப் பார்த்து அல்ல, மலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவனுடைய வலது காலைப் பிடித்து ஒரு கல்லில் வைத்தாள்.

“கல்லப் பாக்காண்டாம். எனக்க கையப் பாருங்க. இந்தக் காலு இங்க. செரி. இப்பம் மத்தக் காலு.”

உட்கார்ந்தபடியே, பின்பக்கம் தேய, அவன் இறங்கினான். நடுவில் ஒரு இடத்தில் அழுதான். சத்தமாகத்தான் அழுதான். அவள் கேட்காததுபோல் இருந்தாள். பிரசவ வார்டில் பேசுவதுபோல ஒரே தொனியில் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் கீழே பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அங்கே ஆளில்லை.

அடிவாரத்தில் அவன் பாறை நிழலில் படுத்துவிட்டான். தண்ணீர் குடித்தான். முகத்தில் நிறம் திரும்பியதும் முதலில் சொன்னது, “இத யாரிட்டயும் சொல்லாண்டாம்.”

“நான் யாரிட்டச் சொல்லப் போறேன்?” என்றாள். சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். “அப்பம் வேலையில எப்படி ஏறுதிய?”

அவன் மணலைக் கிளறிக்கொண்டே சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் அருள்ராஜ் என்று அவன் கூட வேலை பார்த்த ஒருவன், அவன் கண்முன்னே சாரத்திலிருந்து விழுந்தான். சாகவில்லை. இடுப்பெலும்பு நொறுங்கி ஊருக்குப் போனான். அதிலிருந்து ஜெகின் ஏறுவதில்லை.

“பச்சை அட்டை நீங்கதானே மாட்டணும்? ஏறிப் பாத்துட்டு?”

அது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பெருமையோடு சொல்லியிருக்கிறான். கட்டிமுடித்த சாரத்தை அடியிலிருந்து உச்சிவரை ஏறி, ஒவ்வொரு பிணைப்பையும் பார்த்து, அவன் கையெழுத்துப் போட்டுப் பச்சை அட்டை தொங்கவிட்டால்தான் மற்றவர்கள் அதில் கால் வைக்கலாம்.

“கீழ நின்னு பாத்தாலே எனக்குத் தெரியும். பையன்மாரு டீ குடிக்கப் போவும்ப அட்டையைப் போட்டுருவேன். ஒருத்தனுக்கும் தெரியாது.”

“தெரியாதது நல்லதா? மேல ஏறுதது மனுசங்க இல்லியா?”

“கட்டுதது பழனிச்சாமி அண்ணன். அவரு கட்டினா ஆனைய ஏத்தலாம்.”

“ஆபீஸ்ல சொல்லுங்க. கீழ ஏதாவது வேலை தருவாங்க.”

“சொன்னா விசா கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்புவான். நேத்து வரைக்கும் ‘பேடியுள்ளவன் ஊருக்குப் போலே’ன்னு நான் ஏசின பயக்களுக்க முன்ன நிக்கணும். நீ ஏசி ரூமில ஊசி போடுதவ. ஒனக்கென்ன தெரியும்?” எழுந்து நடந்துபோய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றான். பிக்கப் வரும்வரை திரும்பவில்லை.

திரும்பும் கப்பலில் அவன் மேலே போனான். அவள் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் அதிர்ந்தபோதெல்லாம் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரும் வந்து கூப்பிடவில்லை.

துறையில் பழனிச்சாமி தன் பழைய காரோடு காத்திருந்தார். நத்தம் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். ஜெகினுக்குக் கீழேதான் வேலை, வயதில் பெரியவர். ருவைஸ் ரோட்டில் ஒரு கேஃபட்டேரியாவில் காரை நிறுத்தி மூவரும் பொரோட்டா சாப்பிட உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

“எப்படிம்மா இருந்துச்சு தீவு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெகின் ஆரம்பித்தான்.

“அத ஏன் கேக்குதிய அண்ணே! கப்பல்ல ஏறுததுக்கே இவளக் கெஞ்சணும். அது போவட்டு. மலையில பாதி ஏறிட்டு, அங்கேயே இருந்துட்டா! பாறையக் கெட்டிப் பிடிச்சிட்டு, கண்ணயும் மூடிக்கிட்டு...” மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணை மூடிக் காட்டினான். “‘எனக்கு எறங்க முடியாது, ஆளக் கூட்டிட்டு வாங்க’ன்னு ஒரே அழுகை. நான் ஒவ்வொரு காலாப் பிடிச்சு எறக்கிக் கொண்டு வந்தேன்.”

பழனிச்சாமி மெல்லச் சிரித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

சுபிஷாவுக்குக் கோபம் உடனே வரவில்லை. அவனை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றைக்கூட மறக்காமல் சொன்னான். அழுததைக்கூட விடவில்லை. ஆளை மட்டும் மாற்றிவிட்டான். போகட்டும், நான்கு நாள் லீவில் ஒரு நாள் போய்விட்டது, இதையும் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பொரோட்டாவைப் பிய்த்து வாயில் வைத்தாள்.

“நாளைக்கு அந்தப் பெரிய டவர்ல பெயின்டர்ங்க ஏறுறாங்க தம்பி” என்றார் பழனிச்சாமி, பேச்சை மாற்றுவதுபோல. “இருபது பேராச்சும் இருப்பாங்க.”

“ஆறு மணிக்கே உச்சிவர ஏறிப் பாத்து அட்டையப் போட்டுருவேன். நீங்க கவலைப்படாண்டாம்.”

சுபிஷா வாயிலிருந்ததை விழுங்கினாள்.

“இவரு ஏறமாட்டாரு அண்ணா.”

“சும்மா கெட” என்றான் ஜெகின்.

“மலையில இருந்துட்டு அழுதது இவருதான். எறக்கினது நான். அருள்ராஜ் விழுந்ததுக்குப் பொறவு இவரு ஒரு சாரத்திலயும் ஏறல்ல. பாக்காமதான் அட்டை போடுதாரு. நாளைக்கு அதில யாரும் ஏறாண்டாம்.”

பக்கத்து மேஜையில் யாரோ இந்தியில் டீ கேட்டார்கள். ஜெகின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. பழனிச்சாமி டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார், மேஜைமேல் வைத்தார்.

“தெரியும்மா” என்றார்.

“தெரியுமா?”

“எங்க எல்லாருக்கும் தெரியும். அருள்ராஜ் விழுந்த மறுவாரமே தெரியும். நான் விடியக்காலைலயே ஏறி எல்லாத்தையும் பாத்திடுவேன். பெறகுதான் பசங்கள டீக்குக் கூட்டிட்டுப் போவேன். தம்பி தனியா நின்னு அட்டை போடட்டும்னு.”

ஜெகின் அவரைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை. சுபிஷாவிடமே பேசினார்.

“நல்ல மனுசன். எங்க லீவுக்கெல்லாம் ஆபீஸ்ல சண்ட போட்டவரு. கௌரவமா இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம். நீ சொன்னதுல தப்பில்ல. ஆனா இப்ப எம் முன்னாடி சொல்லிட்ட. இனிமே நானும் தெரியாத மாதிரி இருக்க முடியாது பாரு.”

ஜெகின் எழுந்து கை கழுவாமலேயே வெளியே போய் காரில் உட்கார்ந்தான்.

ஃப்ளாட்டுக்கு வந்தபிறகு அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. ஹாலில் பாயை விரித்தான்.

“இருபது பேரு ஏறுத எடம்” என்றாள் அவள் வாசலில் நின்று. “நான் என்ன செய்திருக்கணும்?”

“ரூமுக்கு வந்து எனக்கிட்ட சொல்லியிருக்கணும்.”

“மலையடியில சொன்னேனே.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் அவனே ஆபீஸில் போய்ச் சொன்னான். பழனிச்சாமி கூடவே போனாராம். அவனை ஊருக்கு அனுப்பவில்லை. குழாயும் அதைப் பிணைக்கும் கிளாம்பும் எண்ணிக் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள், சம்பளத்தைக் குறைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. டவரைச் சேஃப்டிக்காரர்கள் ஏறிப் பார்த்தார்கள். சுபிஷா பஸ் ஏறும் அன்று, அவள் பையைத் தூக்கிக் கொடுத்தபடி அதை மட்டும் சொன்னான்.

“டவர்ல ஒரு கிளாம்புகூட லூஸ் இல்ல. எல்லாம் செரியாத்தான் இருந்துது.”

“நல்லது” என்றாள்.

“அப்பம் என்னத்துக்குச் சொன்ன?”

பஸ் கதவு மூடியது. அவள் பதில் சொல்ல வேண்டும் என்று அவன் கேட்ட கேள்வியும் அல்ல அது.

பிறகு வாரம் ஒருமுறை போன் வந்தது. சாப்பிட்டியா, டூட்டி முடிஞ்சுதா, வெச்சிரட்டா. புஜைராவுக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டாள், மூன்றாம் முறை அவளும் கூப்பிடவில்லை. அவளைப் பற்றிய எல்லாக் கிண்டலையும் அவன் விட்டுவிட்டான். அதுதான் அவளுக்கு மிகவும் வலித்தது. தெரியாத ஒருத்தியிடம் பேசுவதுபோல மரியாதையாகப் பேசினான்.

ஈஸ்டருக்கு மறுநாள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மாமியார் வீடியோ காலில் வந்தார். பின்னால் கருங்கல் வீட்டு முற்றம் தெரிந்தது. கொடியில் ஜெகினின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவன் லீவில் ஊருக்குப் போயிருப்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

“என்ன மக்களே, நல்ல நாளும் அதுவுமா நீ மட்டும் அங்க கெடந்துட்டியே. அவன்கூட வரப்பிடாதா? ஒனக்கு லீவு கெடைக்கல்லன்னு அவன் வந்ததிலேருந்து சங்கடப்பட்டுட்டு இருக்கான்.”

முற்றத்தில் யாரோ நடந்துபோனார்கள். கால் மட்டும் தெரிந்தது. ஒரு நொடி நின்றது.

“ஆமா மாமி” என்றாள் சுபிஷா. “லீவு கெடைக்கல்ல.”

கால் நகர்ந்து போனது.