ஒருபோதும் இல்லை

ஆலோசனை மையத்தில் படிவம் கைக்கு வந்ததும் அவர் முதலில் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தும் பார்த்தார். அப்புறம்தான் கேள்விகளுக்கு வந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கிற வேலையிலேயே தலை நரைத்தவர். தீப்பிடித்த கடை, திருட்டுப்போன வண்டி, படியில் விழுந்து ஒடிந்த கால் என்று எது வந்தாலும் நேரில் போய் நின்று, எழுதியிருப்பது நடந்ததுதானா என்று குடைந்தெடுத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அந்தப் பெயர் காதில் விழாதது போலவே ஓய்வு பெறும்வரை நடமாடினாலும், உள்ளுக்குள் அதில் ஒரு பெருமை இருந்தது.

நினைத்ததைவிட அதிக நேரம் இணையத்தில் இருந்துவிடுகிறீர்களா? இடையில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறதா? கையில் போன் இல்லாதபோதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் என்று கட்டங்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது. திருடனையே கூப்பிட்டு, திருடினாயா என்று கேட்டு, அவன் சொல்வதைக் கூட்டி மதிப்பெண் போடுகிற ஏற்பாடு. பேனாவைத் திறந்து ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டங்களில் வரிசையாக டிக் அடித்துக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்தினார். பொய் மனு எப்போதும் சுத்தமாக இருக்கும், உண்மையை எழுதுகிறவன்தான் தடுமாறுவான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. அதனால் இரண்டு இடங்களில் ‘எப்போதாவது’ போட்டார். ஓரிடத்தில் ‘அடிக்கடி’யில் டிக் அடித்து, அதன்மேல் கோடு கிழித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்துக்கு மாறினார். பார்க்க நன்றாக இருந்தது.

தலையைத் தூக்கியபோதுதான், நடைக்கூடத்தின் கடைசி நாற்காலியில் மருமகளும் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவள் கையில் பச்சை நிறத்தில் ஒரு தாள். தேர்வில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் மறைப்பதுபோல் முழங்கையை வளைத்து வைத்திருந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, “சும்மா ஒரு செக்கப்தான் மாமா” என்று சொல்லி அழைத்து வந்திருந்தாள். போன வாரம் அவளும் மகனும் சமையலறையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் தண்ணீர் குடிக்கப் போனதும் பேச்சு நின்றது. மகனோடு வேலை பார்க்கும் ஒருவன் தன் அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்ட கதையையும் சமீபத்தில்தான் சாப்பாட்டு மேசையில் யாரோ எடுத்தார்கள். யார் எடுத்தது? அவள்தான். அவருக்கு எல்லாம் கோர்வையாக வந்து நின்றது. பச்சைத் தாளில் ஒரு முத்திரை விழுந்தால் போதும், அப்பாவுக்கு நிதானம் தப்பிவிட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லலாம்.

ஆலோசகர் சின்னப் பெண். இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“சார், நீங்க எழுதினதுபடி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இவங்க எழுதினதுல வேற மாதிரி வருது.”

“பொய்யா எழுதினா உங்களுக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாது சார்,” என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல். “எழுதினவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு பேரும் வீட்டுல பேசிட்டு அடுத்த வாரம் வாங்க.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவளையும் அவருக்கு நம்பப் பிடிக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. மருமகள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

“மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. யாரு அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“நீங்க குளிக்கப் போயிருந்தப்ப உங்க போன் மேசையில இருந்துச்சு. ஒரு பொண்ணு போட்டோவோட மெசேஜ் வந்துச்சு. ‘ஏன் இப்படிப் பண்ணீங்க’ன்னு. நான் அவர்கிட்ட இன்னும் சொல்லல.” மண்ணைப் பார்த்தபடி சொன்னாள். “இங்க வந்தா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்.”

அவருக்கு முகம் சூடேறியது. இதையா இவள் இத்தனை நாள் மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள்? கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஆனால் கோபம் வரவில்லை. நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

ஓய்வுக்குப் பிறகு காலையில் எழுந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை என்பதே அவருக்குப் பெரிய வெறுமையாக இருந்தது. அப்போதுதான் இணையத்தில் அந்த வேண்டுகோள்கள் கண்ணில் பட்டன. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு குழந்தை, கீழே உதவி கேட்டு நாலு வரி. ஒரு படத்தைத் தேடிப் போனதில், அது வேறு தேசத்துக் குழந்தையின் பழைய படம் என்று தெரிந்தது. ஊரறிய எழுதினார். எத்தனையோ பேர் பாராட்டினார்கள். அதன்பின் பல் துலக்குவதற்கு முன்பே போனை எடுக்க ஆரம்பித்தார். பிடித்த போலிகள் நிறைய. அந்த ஓட்டத்தில்தான் இந்தப் பெண்ணின் பக்கமும் வந்தது. மகளுக்கு ரத்தத்தில் நோய். இணைத்திருந்த இரண்டு மருத்துவமனைச் சீட்டுகளில் பிறந்த தேதி இரண்டு விதமாக இருந்தது. அவருக்கு அது போதும். போலி என்று எழுதினார். பலர் அதை எடுத்துப் பரப்பினார்கள், உதவி நின்றுபோனது. சில நாளில் மருத்துவமனையே விளக்கம் கொடுத்தது: தேதி தங்கள் பக்கத்துப் பிழை, குழந்தையின் நோய் உண்மை. அவர் தன் பதிவை அழித்துவிட்டார். பரப்பியவர்கள் யாரும் அழிக்கவில்லை. தாயிடமிருந்து அந்த ஒரு வரி மட்டும் வந்தது. அவர் பதில் போடவில்லை.

“இப்ப அந்தக் கொழந்த?”

“தெரியலம்மா. புதுசா படம் எதுவும் போடல. அதத்தான் பாத்துட்டே இருக்கேன்.”

பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இவர்களைப் பார்த்தார், இவர்கள் அசையவில்லை என்றதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கேட்டிருக்கலாமே மாமா.”

“கேட்டு, அவ ஒண்ணு சொல்லிட்டான்னா?”

மருமகள் கையை நீட்டினாள். இவள் இதை மகனிடம் எப்படிச் சொல்வாள் என்ற எண்ணம் அப்போதும் அவருக்குள் ஓடியது. ஆனாலும் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் திறந்து போனைக் கொடுத்தார். வேண்டுகோளின் அடியிலேயே எண் இருந்தது. அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அழுத்திவிட்டு, அவர் காதருகே நீட்டினாள்.

வெகுநேரம் மணி அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

“ஹலோ. அம்மா குளிக்கிறாங்க. யாரு பேசுறது?”

சிறுமியின் குரல். வேண்டுகோளில் இருந்த படங்களில் கட்டிலை ஒட்டி அக்காவும் நிற்பாள், நோயாளிக் குழந்தையைவிட ஓரிரண்டு வயது பெரியவள், அதே சாயல். படங்களை எத்தனை முறை பார்த்தாரோ, இரண்டு பேரில் ஒருவர் குரலையும் அவர் கேட்டதில்லை. எடுத்தது கட்டிலில் கிடந்தவளா, அக்காவா?

“என்ன மாமா, என்ன சொல்றாங்க?”

அவர் ஒரு கையை உயர்த்தி அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். அந்தப் பக்கம் எங்கோ வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல், பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு குழந்தையின் மூச்சு, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.